பழைய நெட்புக்கில் ஆன்டிஎக்ஸ் லினக்ஸ் ஏற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2007 கடைசியில் ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி என்ற 7 அங்குலக் கணினியை வெளியிட்டது. அதன் பிறகு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு எங்கு பார்த்தாலும் நெட்புக் எனப்பட்ட இந்தச் சிறு மடிக்கணினிகளின் பேச்சுதான். ஏசர் ஆஸ்பயர் ஒன், ஹெச்பி மினி, டெல் மினி, லெனோவோ எஸ்10 என்று ஆளாளுக்கு ஒன்றை இறக்கினார்கள். அப்போது வாங்கியவற்றில் பல இன்னும் பீரோ மேலும் பரண் மேலும் கிடக்கின்றன. சார்ஜரைச் செருகினால் ஓடும். ஆனால் உள்ளே இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி, இல்லாவிட்டால் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று நின்றது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்று. இவற்றை வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போவது ஆபத்து. துணிந்து போனாலும் பல தளங்கள் திறக்காது.

ஓடுகிற கணினியைப் பழைய சாமான் கடைக்குப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டுரை எழுத, கணக்கு எழுத, மின்னூல் படிக்க, பாட்டுக் கேட்க, பிள்ளைகள் தமிழ்த் தட்டச்சு பழக இந்தக் கணினி தாராளமாகப் போதும். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் போட வேண்டும், அவ்வளவுதான். இன்ஸ்டால் செய்வது ஒரு மணி நேர வேலைதான். அதற்கு முந்தைய தயாரிப்பில் அவசரப்பட்டால்தான் சிக்கல் வரும். அதனால் இங்கே தயாரிப்புக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு 2009இல் வந்த ஏசர் ஆஸ்பயர் ஒன் டி250ஐ எடுத்துக்கொள்கிறேன். இன்டெல் ஆட்டம் என்270 பிராசசர், 1 ஜிபி ரேம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், 10.1 அங்குலத் திரை. அந்தக் காலத்து நெட்புக்குகள் பெரும்பாலும் இதே வார்ப்புதான். உங்களுடையது வேறு கம்பெனி என்றாலும் விசைகளும் மெனுக்களும்தான் மாறும், முறை ஒன்றே.

முதலில் பிராசசரைப் பாருங்கள்

எந்த இயங்குதளம் என்பதை முடிவு செய்வது பிராசசர்தான். எக்ஸ்பியில் மை கம்ப்யூட்டர் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்தால் பிராசசரின் பெயரும் ரேம் அளவும் தெரியும். அங்கே என்270 அல்லது என்280 என்று இருந்தால் அதில் 32 பிட் இயங்குதளம் மட்டுமே ஓடும். என்450, என்455 என்றால் 64 பிட்டும் ஓடும். இவை 2010இல் வரத் தொடங்கியவை.

கவனமாக இருக்க வேண்டிய இரண்டு வகைகள் உண்டு. இசட்520 போன்ற இசட் வரிசை ஆட்டமில் ஜிஎம்ஏ 500 என்ற கிராஃபிக்ஸ் இருக்கும்; என்2600 வகையில் ஜிஎம்ஏ 3600 இருக்கும். இந்த இரண்டும் இன்டெலின் சொந்த வடிவமைப்பு இல்லை, பவர்விஆர் தொழில்நுட்பத்தில் செய்தவை. லினக்ஸில் இவற்றுக்குச் சரியான 3டி டிரைவர் கிடையாது. திரை தெரியும், எழுத்து வேலை நடக்கும், ஆனால் வீடியோவில் திணறும். இப்படிப்பட்ட கணினி உங்களிடம் இருந்தால் புது ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பகம்) காசு போடுவதற்கு முன் லைவ் முறையில், அதாவது டிஸ்க்கில் ஏற்றாமல் பென் டிரைவிலிருந்தே, ஓட்டிப் பார்த்துவிடுங்கள். என்270இல் இருக்கும் ஜிஎம்ஏ 950க்கு இந்தத் தொல்லை இல்லை. மெதுவானது, ஆனால் டிரைவர் நன்றாக வேலை செய்யும்.

எந்த இயங்குதளம்?

32 பிட் கணினிக்கு வழிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகின்றன. உபுண்டு என்ற லினக்ஸ் பல ஆண்டுகளுக்கு முன்பே 32 பிட் பதிப்பைக் கைவிட்டுவிட்டது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின், 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலரும் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை. ஆகவே நமக்கு உதவுவது 2023இல் வந்த டெபியன் 12ம் அதை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ்களும்தான். கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்ற இயங்குதளம் பற்றிக் கேள்விப்பட்டு ஆசைப்பட வேண்டாம். அதற்கு 64 பிட் பிராசசரும் 4 ஜிபி ரேமும் வேண்டும்.

நான் பரிந்துரைப்பது ஆன்டிஎக்ஸ் 23. டெபியன் 12இன் மேல் கட்டியது. பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி இல்லை, கனமான டெஸ்க்டாப் இல்லை. ஐஸ்டபிள்யூஎம் என்ற எளிய சாளர மேலாளரோடு வருகிறது. எந்த நிரலும் திறக்காதபோது 1 ஜிபி ரேமில் பெரும்பகுதியை உங்களுக்கே விட்டுவைக்கும். இன்னொரு காரணமும் உண்டு: அதன் கண்ட்ரோல் சென்டர். வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், நிரல் நிறுவுதல் எல்லாவற்றையும் மவுஸாலேயே செய்யலாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறக்க அஞ்சுபவர்களும் பயன்படுத்தலாம்.

லினக்ஸ் மின்ட் வேண்டும் என்பவர்களுக்கு அதன் டெபியன் 12 அடிப்படையிலான எல்எம்டிஈ 6இல் 32 பிட் பதிப்பு இருந்தது; அதற்கான ஆதரவு 2026 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதோடு, அதில் வரும் சின்னமன் டெஸ்க்டாப்பை 1 ஜிபியில் ஓட்டுவது கொடுமை, 2 ஜிபியிலும் சிரமம். எக்ஸ்பி போன்ற தோற்றம் வேண்டுமென்றால் டிரினிட்டி டெஸ்க்டாப் கொண்ட கியூ4ஓஎஸ் பார்க்கலாம். லினக்ஸே இல்லாத வேறொன்று வேண்டுமென்றால் ஹைக்கு. பழைய வன்பொருளில் அதன் வேகம் ஆச்சரியமானது, ஆனால் அன்றாட வேலைக்கான நிரல்கள் குறைவு.

64 பிட் ஓடும் என்450 உங்களிடம் இருந்தால் ஆன்டிஎக்ஸின் 64 பிட் பதிப்பையே எடுங்கள். ரேம் கொஞ்சம் கூடச் செலவாகும், உண்மைதான். ஆனால் பிரவுசர்கள் 32 பிட்டை விட்டு விலகிப் போகும் காலம் இது. நாலு காசு மிச்சம் பிடிப்பதைவிட நாலு வருடம் கூட உழைப்பது முக்கியம்.

ரேமும் எஸ்எஸ்டியும்

என்270 கணினிகள் அதிகபட்சம் 2 ஜிபி ரேம் வரை ஏற்கும், அதுவும் டிடிஆர்2 வகை லேப்டாப் ரேம், ஒரே ஒரு ஸ்லாட். இது இப்போது பழைய லேப்டாப் பாகங்கள் விற்கும் கடைகளில்தான் கிடைக்கும். டிடிஆர்3 ரேம் இதில் பொருந்தாது, அதனால் பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது. டி250இல் அடிப்புறம் சிறிய மூடி இருக்கிறது, திருகைக் கழற்றினால் ரேம் தெரியும். அதற்கு முந்தைய ஆஸ்பயர் ஒன் ஏ110, ஏ150 மாடல்களில் ரேமைத் தொட மொத்தக் கணினியையும் பிரிக்க வேண்டும். அனுபவம் இல்லாதவர்கள் அதில் கைவைக்க வேண்டாம்.

ரேம், எஸ்எஸ்டி இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் எஸ்எஸ்டியைத்தான் சொல்வேன். இந்தக் கணினிகளின் சாட்டா இணைப்பு நொடிக்கு 1.5 ஜிகாபிட் வேகம் மட்டுமே, அதாவது நொடிக்கு 150 எம்பிக்கு மேல் போகாது. ஆகவே விலை உயர்ந்த எஸ்எஸ்டி வாங்குவதில் பயன் இல்லை. இருப்பதிலேயே மலிவான 120 ஜிபி 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். வேக எண்ணைவிட, சிதறிக் கிடக்கும் சிறு சிறு கோப்புகளை உடனே எடுத்துத் தருவதுதான் இங்கே வித்தியாசத்தைக் காட்டும். நிரல்கள் திறக்கும்போதே உணர்வீர்கள். ஈ பிசியின் சில மாடல்களிலும் ஆஸ்பயர் ஒன் ஏ110இலும் இருப்பது வேறு வகைச் சிறிய எஸ்எஸ்டி, அவற்றில் 2.5 அங்குல டிஸ்க் அப்படியே பொருந்தாது.

பழைய ஹார்ட் டிஸ்க்கையே வைத்துக்கொள்வதாக இருந்தால் அதன் உடல்நிலையைப் பாருங்கள். பிறகு லைவ் முறையில் நுழைந்ததும், நிரல்களை நிறுவும் கருவியான சினாப்டிக்கிலிருந்து ஜிஸ்மார்ட்கண்ட்ரோல் என்ற நிரலை ஏற்றித் திறந்தால் டிஸ்க்கின் பதிவுகள் தெரியும். ரீஅலொகேட்டட் செக்டர், கரன்ட் பெண்டிங் செக்டர் ஆகிய இரண்டு வரிகளில் சுழியம் இருக்க வேண்டும். பெண்டிங் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தால் அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம்.

பழைய கோப்புகள், குறிப்பாக எழுத்துருக்கள்

டிஸ்க் முழுவதும் அழியப் போகிறது. படங்கள், ஆவணங்கள், பாட்டு எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு எடுத்து வையுங்கள். இதை எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்று, தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு மிகவும் முக்கியமானது: எழுத்துருக்களையும் எடுத்து வையுங்கள்.

எக்ஸ்பி காலத்தில் தட்டச்சான தமிழ் ஆவணங்களில் ஏராளமானவை யூனிகோடு இல்லை. பாமினி, வானவில் அவ்வையார், டாம், டாப் என்று வெவ்வேறு குறிமுறை எழுத்துருக்களில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆவணம் முழுவதும் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாது. ஆகவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்துவிடுங்கள். சில எம்பி மட்டுமே.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் விண்டோஸ் சாவி ஸ்டிக்கர் தேய்ந்துவிடுவதற்குள் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எக்ஸ்பியையும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே லினக்ஸ் போடலாமா என்று கேட்பார்கள். முடியும். ஆனால் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும் கணக்கு நிரல் ஏதாவது உங்களுக்கு இன்னும் தேவைப்பட்டால் தவிர, அதற்கு அவசியம் இல்லை.

பென் டிரைவ் தயாரித்தல்

4 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்றும், வேலை செய்யும் இன்னொரு கணினியும் வேண்டும். ஆன்டிஎக்ஸ் தளத்தில் ஃபுல், பேஸ், கோர், நெட் என்று நான்கு பதிப்புகள் இருக்கும். ஃபுல் பதிப்பை எடுங்கள். லிப்ரேஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் அதிலேயே வருகின்றன. கோப்பின் பெயரில் 386 என்ற எண் இருந்தால் 32 பிட், எக்ஸ்64 என்று இருந்தால் 64 பிட். ரன்இட் என்ற சொல் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வகை தெரியும். முதல்முறை செய்பவர்கள் அந்தச் சொல் இல்லாததை எடுத்தால் போதும்.

டவுன்லோடு முடிந்ததும், பென் டிரைவில் எழுத உதவும் ரூஃபஸ் என்ற விண்டோஸ் நிரலைத் திறந்து, டவுன்லோடு செய்த ஐஎஸ்ஓ கோப்பைத் தேர்ந்தெடுங்கள். தேர்வுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டிக் குறிப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கோப்பின் எஸ்ஹெச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண் வரும். ஆன்டிஎக்ஸ் தந்திருக்கும் எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். முழுவதையும் படிக்கத் தேவையில்லை, முதல் எட்டும் கடைசி எட்டும் ஒத்துப்போனால் டவுன்லோடு பழுதாகவில்லை என்று நம்பலாம். இணைப்பு அறுந்து அறுந்து வரும் இடங்களில் இந்தச் சோதனை பெரிய அலைச்சலை மிச்சப்படுத்தும்.

பார்ட்டிஷன் முறை என்ற இடத்தில் எம்பிஆர் இருக்கட்டும். ஸ்டார்ட் அழுத்தியதும் ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று ரூஃபஸ் கேட்டால் டிடியைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு அப்படியே எழுத்து மாறாமல் பதியும். எழுதி முடித்த பிறகு இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கக்கூடும். கேன்சல் கொடுங்கள். சரி என்று அழுத்திவிட்டால் எழுதியது எல்லாம் போய்விடும்.

பயாஸில் செய்ய வேண்டியது

நெட்புக்கை அணைத்து, பென் டிரைவைச் செருகி, பவர் பொத்தானை அழுத்திய உடனே எஃப்2வைத் தட்டிக்கொண்டே இருங்கள். டி250இல் நீல நிறப் பயாஸ் திரை, அதாவது கணினியின் அடிப்படை அமைப்புகளுக்கான திரை, வரும். மெயின் பக்கத்தில் எஃப்12 பூட் மெனு என்ற வரியை எனேபிள்டு ஆக்குங்கள். ஏசரில் இது பெரும்பாலும் அணைந்தே இருக்கும். எஃப்12ஐ எவ்வளவு அழுத்தியும் ஒன்றும் வராததற்குக் காரணம் இதுதான். அப்படியே தேதியையும் நேரத்தையும் பாருங்கள். 2009 என்றோ வேறு பழைய ஆண்டு என்றோ காட்டினால் உள்ளே இருக்கும் சிறிய சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இப்போதைக்குச் சரியான தேதியைப் போடுங்கள். தேதி தவறாக இருந்தால் பின்னால் பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்ற இணைப்பு என்ற எச்சரிக்கையே வரும். பலர் இதை வைஃபை கோளாறு என்று நினைத்து மணிக்கணக்கில் ரவுட்டரை நோண்டுவார்கள். எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியேறுங்கள்.

ஈ பிசி வைத்திருப்பவர்கள் பயாஸில் பூட் பூஸ்டர் என்ற வசதியைத் தேடி அணைக்க வேண்டும். வேகமாகத் தொடங்குவதற்காக ஆசுஸ் வைத்த வசதி அது. அது இயங்கும்வரை பென் டிரைவிலிருந்து பூட் செய்ய விடாது. அணைத்த பிறகு எஸ்கேப் விசை பூட் மெனுவைத் தரும். ஹெச்பி மினியில் எஃப்9, லெனோவோ எஸ்10இலும் பல டெல் மினிகளிலும் எஃப்12.

லைவ் முறையில் ஓட்டிப் பாருங்கள்

மீண்டும் ஆன் செய்து எஃப்12 அழுத்தினால் பூட் மெனு வரும். பென் டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுத்து என்டர் கொடுங்கள். ஆன்டிஎக்ஸின் தொடக்க மெனு தெரியும். புதிதாக ரேம் போட்டிருந்தால் முதலில் இங்கேயே இருக்கும் மெமரி டெஸ்டை ஒருமுறை முழுவதும் ஓடவிடுங்கள். பழைய ரேம் வாங்கிப் போடும்போது இது அவசியம். சிவப்பு வரிகள் வந்தால் ரேமைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம் முதல் வரியைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். ஓரிரு நிமிடத்தில் டெஸ்க்டாப் வரும். திரை கறுப்பாகவே நின்றால் அணைத்துவிட்டு, அதே தொடக்க மெனுவில் சேஃப் வீடியோ தேர்வைப் போட்டுப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படவில்லை. எல்லாம் பென் டிரைவிலும் ரேமிலும்தான் நடக்கிறது. பிடிக்காவிட்டால் அணைத்துவிட்டால் பழைய எக்ஸ்பி அப்படியே இருக்கும். லைவில் நிர்வாக வேலைக்குப் பாஸ்வேர்டு கேட்டால் பயனருக்கு டெமோ என்றும் ரூட்டுக்கு ரூட் என்றும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் கொடுங்கள்.

இங்கே நிதானமாக ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒலி வருகிறதா, டச்பேட் நகர்கிறதா, திரை 1024 × 600 அளவில் நிரம்பித் தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் மீண்டு வருகிறதா என்று பாருங்கள். கேமராவும் வேண்டுமென்றால் அதையும்.

வைஃபைதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். முதலில் கணினியின் ஓரத்திலோ கீபோர்டிலோ இருக்கும் வைஃபை சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, அந்தக் காலத்து வைஃபை கார்டுகள் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே அறிந்தவை. உங்கள் ரவுட்டரோ போன் ஹாட்ஸ்பாட்டோ 5 ஜிகாஹெர்ட்ஸில் இருந்தால் பட்டியலில் பெயரே வராது. 2.4க்கு மாற்றுங்கள். வைஃபை பாதுகாப்பை டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைத்திருந்தால் டபிள்யூபிஏ2வும் ஏற்கும்படி மாற்றுங்கள். ஏதெரோஸ் கார்டு என்றால் அநேகமாக உடனே வேலை செய்யும். பல ஹெச்பி, டெல் மினிகளில் இருக்கும் ப்ராட்காம் கார்டுக்குச் சில நேரம் தனி ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டிவரும். அதுவரைக்கும் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை லேன் இணைப்பைப் போலவே எடுத்துக்கொள்ளும்.

இன்ஸ்டால் செய்தல்

எல்லாம் திருப்தியாக இருந்தால் டெஸ்க்டாப்பில் இருக்கும் இன்ஸ்டாலரைத் திறங்கள். சார்ஜர் செருகியே இருக்கட்டும், பழைய பேட்டரியை நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 600 பிக்சல் உயரம் மட்டுமே உள்ள திரையில் சில சாளரங்களின் அடிப்பகுதி கீழே மறைந்துபோகும். நெக்ஸ்ட் பொத்தானே கண்ணில் படாது. அப்போது ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு, சாளரத்தின் எந்த இடத்தையாவது இடது பொத்தானால் பிடித்து மேலே இழுங்கள். சாளரம் திரைக்கு வெளியே நகர்ந்து அடிப்பகுதி தெரியும். நெட்புக்கில் இருக்கும்வரை இந்த வித்தை கைகொடுக்கும்.

கீபோர்டு தேர்வுக்குப் பிறகு டிஸ்க் தேர்வு வரும். முழு டிஸ்க்கிலும் தானாக நிறுவுவது, நாமே பார்ட்டிஷன் பிரிப்பது என்று இரண்டு வழிகள். முதல் வழியே போதும். ஆனால் எந்த டிஸ்க் என்பதை அளவை வைத்து உறுதி செய்யுங்கள். 160 ஜிபி டிஸ்க் இங்கே சுமார் 149 என்று காட்டும், கணக்கிடும் முறை வேறு என்பதால். உங்கள் பேக்கப் டிஸ்க் செருகியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு இந்தப் பக்கத்துக்கு வருவதுதான் உத்தமம். டிஸ்க்கைப் பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி ஆக்கும் என்க்ரிப்ஷன் வசதியும் இருக்கும். என்270இல் அதற்கான வன்பொருள் உதவி கிடையாது, எல்லாம் மந்தமாகும். ரகசியக் கோப்புகள் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நாமே பிரிக்க விரும்பினால்: 2 ஜிபி ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்), மீதி முழுவதும் எக்ஸ்ட்4 வகையில் ஒரே ரூட் பார்ட்டிஷன். 1 ஜிபி ரேம் கணினியில் ஸ்வாப் இல்லாமல் இருக்கவே கூடாது. பிரவுசரில் நாலாவது டேப் திறந்தவுடன் கணினி உறைந்து நிற்கும்.

கோப்புகள் நகலாகும் நேரத்திலேயே மற்றக் கேள்விகளை இன்ஸ்டாலர் கேட்கும். இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரை எங்கே வைப்பது என்றால் எம்பிஆர் என்பதையும், கணினியின் உள் டிஸ்க்கையும் தேர்ந்தெடுங்கள். தவறிப் பென் டிரைவைக் காட்டிவிட்டால், அதைப் பிடுங்கிய பிறகு கணினி பூட் ஆகாது. நேர மண்டலத்தில் இந்தியா என்றால் ஆசியா, கொல்கத்தா. இலங்கை என்றால் ஆசியா, கொழும்பு. மொழியில் தமிழும் இருக்கிறது. ஆனால் மெனுக்கள் முழுவதும் தமிழாகவில்லை, பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக வரும். இப்போதைக்கு ஆங்கிலம் இந்தியா என்று வைத்துக்கொள்வதே குழப்பம் இல்லாதது. இதனால் தமிழில் எழுதவும் படிக்கவும் எந்தத் தடையும் வராது. பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து முடியுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினி என்றால் தானாக உள்நுழையும் வசதியை டிக் செய்யலாம்.

முடிந்ததும் ரீபூட் செய்து, பென் டிரைவை எடுத்துவிடுங்கள்.

முதல் வேலைகள்

டெஸ்க்டாப்பின் ஓரத்தில் காங்கி என்ற சிறு பலகையில் ரேம், சிபியு பயன்பாடு ஓடிக்கொண்டிருக்கும். பழைய கணினியில் இதைக் கவனிக்கும் பழக்கம் நல்லது. எந்த நிரல் எவ்வளவு விழுங்குகிறது என்று கண்ணெதிரே தெரியும்.

வைஃபையை இணைத்து, தேதி சரியா என்று பார்த்துவிட்டு, கண்ட்ரோல் சென்டரிலிருந்து அப்டேட்டரை ஓடவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் இது நேரம் பிடிக்கும், அவசரப்பட்டு நடுவில் அணைக்காதீர்கள். சிமாஸ் பேட்டரி தீர்ந்த கணினி என்றால் புது பேட்டரி மாற்றும்வரை ஒவ்வொரு முறையும் தேதியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

தமிழ்

எழுத்துருக்களுக்கு சினாப்டிக்கைத் திறந்து டி, ஏ, எம், எல் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். லோகித் உள்ளிட்ட தமிழ் எழுத்துருக்களின் தொகுப்புகள் வரும். டிக் செய்து ஏற்றினால் இணையதளங்களும் ஆவணங்களும் தமிழில் ஒழுங்காகத் தெரியும். நீங்கள் காப்பாற்றி வைத்த பாமினி, வானவில் வகை எழுத்துருக்களுக்கு உங்கள் ஹோம் ஃபோல்டரில் ஃபான்ட்ஸ் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், முன்னால் ஒரு புள்ளி வைத்து, ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். புள்ளி வைத்த ஃபோல்டர் மறைந்தே இருக்கும், மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை ஆன் செய்தால் தெரியும். எழுத்துருக் கோப்புகளை அதில் போட்டுவிட்டு லிப்ரேஆபீஸை மூடித் திறந்தால் பழைய ஆவணங்கள் உயிர்பெறும்.

தட்டச்சுக்கு ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற இரண்டையும் ஏற்றுங்கள். அதில் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சுப்பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை எல்லாம் இருக்கின்றன. புதிதாகக் கற்பவருக்கு நான் தமிழ்99ஐத்தான் சொல்வேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாக உருவானது, தமிழ்நாடு அரசின் தர முறை. ‘அம்மா’ என்று அடிக்கும்போது நடுவில் ம விசையை இருமுறை தட்டினாலே போதும், முதல் ம தானாகப் புள்ளி பெற்றுக்கொள்ளும். விரலுக்கு அவ்வளவு சுகம்.

ஐபஸ் தானாகத் தொடங்காவிட்டால், கண்ட்ரோல் சென்டரில் டெஸ்க்டாப் செஷன் அமைப்பைத் திறந்தால் ஸ்டார்ட்அப் என்ற கோப்பு வரும். அதன் கடைசியில் புது வரியில் ஐபஸ்-டீமன் என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு ஆம்பர்சேண்ட் குறியைப் போட்டுச் சேமியுங்கள். அடுத்த முறை உள்நுழையும்போது கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஐபஸ் வந்து உட்கார்ந்திருக்கும்.

பிரவுசரும் வீடியோவும்

இந்தக் கணினியின் உண்மையான எல்லை பிரவுசர்தான். கூகுள் குரோம் 2016லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் 144ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. அதன் நீண்ட கால ஆதரவுப் பதிப்பான ஈஎஸ்ஆர் 140 வரிசைக்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை ஆதரவு தருவதாக மொஸில்லா அறிவித்தது. அதனால் 32 பிட் நெட்புக்கில் வங்கிக் கணக்கு, பணப் பரிமாற்றம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதைப் போனிலேயே செய்யுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் முதல் வேலையாக யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போடுங்கள். விளம்பரங்கள் நின்றாலே என்270க்குப் பாதிச் சுமை குறையும். இரண்டு மூன்று டேப்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செய்தி, விக்கிப்பீடியா போன்ற வெறும் எழுத்துப் பக்கங்களுக்கு உடன் வரும் டில்லோ என்ற சிறு பிரவுசரும் போதும், கிளிக் செய்தவுடன் திறக்கும். வீடியோவைப் பிரவுசருக்குள் பார்க்க முயலாமல் எம்பிவி போன்ற தனி பிளேயரில் 360பி அளவில் பாருங்கள். 10 அங்குலத் திரைக்கு அது போதுமானது.

கடைசியாக ஒரு வேலை

எழுத்துரு, தட்டச்சு, வைஃபை எல்லாம் ஒழுங்காக அமைந்த பிறகு கண்ட்ரோல் சென்டரில் ஐஎஸ்ஓ ஸ்னாப்ஷாட் என்ற கருவியைத் திறங்கள். நீங்கள் அமைத்த முழு இயங்குதளத்தையும் அது ஓர் ஐஎஸ்ஓ கோப்பாக மாற்றித் தரும். உங்கள் சொந்தக் கோப்புகளோடு பேக்கப்பாக வேண்டுமென்றால் கணக்குகளை அப்படியே வைத்திருக்கும் தேர்வு; பிறருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் கணக்குகளை அழிக்கும் தேர்வு. அந்தக் கோப்பை லைவ் யூஎஸ்பி மேக்கர் மூலம் பென் டிரைவில் எழுதிவிட்டால், உறவினர் வீட்டிலோ பள்ளியிலோ கிடக்கும் அடுத்த நெட்புக்கில் தமிழ் அமைப்புகளை முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை. பூட் செய்து, சோதித்து, நேராக இன்ஸ்டாலரைத் திறந்துவிடலாம்.